எங்கட பாட்டுக்கு நடுவில் உம்மாட குரல்

சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கற்பிட்டிப் பக்கம் கடற்கரை நெடுக ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு ஹோட்டலில், ஒரு பின்னேரம் நடந்த கதை இது. அதை நடத்திய ஆளின் பேரையும் சொல்ல மாட்டேன், ஹோட்டலின் பேரையும் சொல்ல மாட்டேன். மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம். பேரைச் சொன்னால் அதையும் தனக்கு விளம்பரமாக்கிப் போடுவான், அந்த ஆள் அப்படிப்பட்டவன்.

எங்கட குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு புலிகளால் யாழ்ப்பாணத்தில் இருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டிலில் கிடந்து, பிறகு மெல்ல மெல்லக் கல்வீடு கட்டிய குடும்பம். வரும்போது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தம்பி பிறந்ததே புத்தளம் ஆஸ்பத்திரியில்தான். வந்த கதையை உம்மா எங்களுக்குச் சொன்னதே இல்லை. கேட்டால், "அந்தக் கதையெல்லாம் என்னத்துக்கு இப்ப, சோறு ஆறுது" என்று எழும்பிப் போய்விடுவா.

தம்பிக்குப் பாட்டு விசர். எங்கேயோ ஒரு பழைய கிட்டாரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, இரவு பகல் பாராமல் டொங்கு டொங்கென்று தட்டி அயல் முழுக்க ஏச்சு வாங்கினான். அவனோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தன் கற்பிட்டிப் பொடியன், பரம்பரையாக அந்த மண்ணில் இருக்கிறவன். கீபோர்ட் வாசிப்பான். பள்ளிக்கூடத்தில் அவன் தம்பியை "அகதி" என்று கூப்பிட, தம்பி அவன் மூக்கில் ஒன்று போட, அப்படித் தொடங்கிய சினேகிதம். மற்றவன் சிலாபப் பக்கத்துக் கிறிஸ்தவப் பொடியன். தாயோடு சிங்களத்திலும் தகப்பனோடு தமிழிலும் கதைப்பான், கோபம் வந்தால் இரண்டிலும் ஏசுவான். பலகை மீன் பெட்டி ஒன்றின் மேலே ஏறி இருந்துகொண்டு, அந்தப் பெட்டியையே மேளமாகத் தட்டுவான். பாட்டெழுதுவது நான். நான் தையல்காரி. மெஷின் ஓடும்போது வரி தானாக வரும். மேடையில் ஏறமாட்டேன், பேரும் போட விடமாட்டேன். பாட்டு கூத்தென்றால் முகம் சுழிக்கிற ஆட்கள் ஊரில் இருந்தார்கள், எனக்கு எதற்கு வீண் வம்பு?

குழுவுக்குக் "கழுதைப் பட்டாளம்" என்று பேர். கற்பிட்டி ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கழுதைகள் நடு ரோட்டில் படுத்துக் கிடக்கும். பஸ் வந்தாலும் எழும்பாது, மந்திரி வந்தாலும் எழும்பாது. எங்கட முதல் பாட்டு அதைப் பற்றியதுதான்.

*ரோட்டு நடுவில படுத்திருக்கு கழுதை,*
*ஹோர்ன் அடிச்சாலும் எழும்பாத கழுதை,*
*பஸ்ஸுக்கு நேரமாச்சு கழுதை,*
*நீ எழும்பாட்டி...*

இவ்வளவுதான் நான் எழுதியது. கடைசி வரியை வேண்டுமென்றே எழுதவில்லை. அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு தம்பி மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டுவான். எந்த ஊரோ, அந்த ஊர்ச் சனம் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். கற்பிட்டியில் ஒரு பெண்பிள்ளை, "வெங்காய லொறியில ஏத்துவம் உன்னை!" என்று கத்தினாள். வண்ணாத்திவில்லில் ஒரு கிழவர், "யானை வந்து எழுப்பட்டும்!" என்றார். எலுவன்குளத்தில் மழைக்காலம், ஆறு பெருகிக் கிடந்தது. "பாலமே தண்ணிக்குள்ள, பஸ்ஸு எங்க வரப்போகுது?" என்று ஒருத்தன் கேட்க, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தந்த ஊர் வரியை நாங்கள் அப்படியே வைத்துக்கொள்வோம். அடுத்த முறை அந்த ஊருக்குப் போனால் அவர்கள் வரிதான். அதனால் ஒவ்வோர் ஊரிலும் அது அவர்கள் பாட்டாகிவிட்டது. எல்லாப் பாட்டுக்கும் இதையே செய்தோம்.

பந்தடி மைதானம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, சிலாபப் பக்கம் சேர்ச் திருநாள், எங்கே கூப்பிட்டாலும் போனோம். பாங்கு சொன்னால் பாட்டு நிற்கும். சனமும் அதை அறிந்து, தொழுதுவிட்டுத் திரும்பி வரும். கற்பிட்டி பஸ்ஸின் டிரைவர் நானா, யாரோ போனில் பிடித்த எங்கட பாட்டைக் காலையும் மாலையும் போட்டுப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் அது பாடம். பஸ்ஸுக்குள்ளேயே அந்தக் கடைசி வரியைக் கத்துவார்களாம். எங்கட பொடியன்களை "அகதிப் பொடியன்கள்" என்று சொல்வதைச் சனம் விட்டுவிட்டது. "பட்டாளம் வருது" என்றுதான் சொல்லும். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

ஒரே ஒரு குறைதான். பாட்டை ஒழுங்கான ஸ்டூடியோவில் பதிவுசெய்து, எங்கட பேரில் வெளியே விடவேண்டும். அதுதான் தம்பியின் கனவு. அதற்கு வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் கொழும்பில் இருந்து அவர் வந்தார். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர். தமிழும் இங்கிலீசும் கலந்து தேனொழுகக் கதைப்பார். "இந்த ஹோட்டலில ஒரு ஷோ செய்யுங்க. நல்லாப் போனா கொழும்புக்குக் கூட்டிட்டுப் போய் ரெக்கோர்ட் பண்ணித் தாறன், வெளிநாடு வரைக்கும் கொண்டுபோறன்" என்றார். தம்பி அன்றைக்குச் சோறே சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிறகு எங்கட வீட்டுக்கு வந்தார். "உங்கட பின்னணியைத் தெரிஞ்சுகொள்ளத்தான்" என்றார். உம்மாவுக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் என்றால் போதும். நண்டுக்கறி, பிட்டு, பிறகு வட்டிலாப்பம் என்று ஆக்கிப் போட்டா. நான் தைத்த உடுப்பைக் குடுக்க வெளியே போய்விட்டேன், தம்பி பயிற்சிக்குப் போய்விட்டான். வந்து பார்த்தால் ஆள் இன்னும் கதிரையில், உம்மா எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்ன உம்மா?" என்றால், "ஒண்டுமில்ல, நல்ல பிள்ளை, பொறுமையாக் கேட்டுது" என்று மட்டும் சொன்னா. என்ன கேட்டது, என்ன சொன்னா என்று வாய் திறக்கவில்லை.

ஷோ நாளுக்கு மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் சேர்ட் தைத்தேன். கடல்பச்சை, கழுத்தில் வெள்ளைத் தையல். என் கையால் அதைவிட நல்ல சேர்ட் இன்றுவரைக்கும் வரவில்லை. டிரைவர் நானா தன் பஸ்ஸிலேயே எங்களைக் கொண்டுவந்து இறக்கினார். "நான் வெளியில நிக்கிறன், முடிச்சுட்டு வாங்க" என்றார். உள்ளே போனால், மேடைக்கு மேலே பெரிய பதாகை. அதில் கழுதையுமில்லை, பட்டாளமுமில்லை. "அகதிகளின் குரல்" என்று இங்கிலீசில் கொட்டை எழுத்து!

என்ர ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "இதென்ன?" என்று கேட்டேன். "இண்டைக்கு மட்டுந்தான், தங்கச்சி. கழுதை எண்டு போட்டா யாருக்கு விளங்கும்?" என்று சிரித்தார். சேர்ட்டைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. "இவ்வளவு நீட்டா வந்தா யார் நம்புவாங்க? பழைய சாரம் ஒண்டைக் கட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். நம்ப வேண்டுமாம்! நாங்கள் ஏதோ கள்ளக் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்த மாதிரி. சாரத்தில் என்ன குறை, எங்கட ஆம்பிளைகள் எல்லாரும் கட்டுகிறதுதான். ஆனால் பழசாக இருக்கவேணும் என்று கேட்கிறார் பாருங்கோ, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சேர்ட்டைக் கழற்றக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். தம்பி என்னை ஒரு பக்கம் இழுத்து, "ராத்தா, ஸ்டூடியோ வரைக்கும் கொஞ்சம் பொறு" என்று கெஞ்சினான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதாகை தொங்கியது, சேர்ட் தப்பியது.

"கழுதைப் பாட்டில, நிப்பாட்டுற இடத்தில நீங்க சும்மா நில்லுங்க. பாக்க வாற வெள்ளைக்காரங்களுக்குத் தமிழ் தெரியாதுதானே, யார் வரி சொல்லப் போறான்? அந்த இடத்தில நான் ஒரு சின்ன ஒலி போடுவன்" என்றும் சொல்லியிருந்தார். அலைச் சத்தமோ காற்றுச் சத்தமோ ஏதோ என்று பொடியன்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொழுதுபட முன்னமே தொடங்கிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் கையில் கிளாஸோடு கதிரைகளில் சாய்ந்திருந்தார்கள். நான் சமையலறை வாசல் பக்கம் நின்றேன். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அயல் ஊர்ச் சனம். வெங்காயம் வெட்டுகிற பொம்பிளை எங்கட வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. சாப்பாடு பரிமாறுகிற பொடியன்கள், படகோட்டிகள், தோட்டக்காரர், எல்லாரும் எங்கட பாட்டு மனப்பாடமானவர்கள். விருந்தாளிகளுக்கு முன்னால் பல்லைக் காட்டக் கூடாது என்று மனேஜர் சொல்லி வைத்திருந்ததால், வாயை மூடிக்கொண்டு காலால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

கழுதைப் பாட்டு வந்தது. "நீ எழும்பாட்டி..." என்று தம்பி நிறுத்தினான்.

ஸ்பீக்கரில் உம்மாவின் குரல்.

அல்லாஹ்வே, எங்கட உம்மாவின் குரல்! பின்னால் வெள்ளைத் திரையில் இங்கிலீசு எழுத்து ஓடுது, என்ர இங்கிலீசுக்கு எட்டாத வேகத்தில். "ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்கள் தம்பி. பெரியவள் இடுப்பில. பாதையில மறிச்சு, கையில காதில கிடக்கிறதையெல்லாம் கழட்டச் சொன்னவை. சோதிச்சது ஒரு பொம்பிளைப் பிள்ளை, என்ர தங்கச்சிட வயசிருக்கும். என்ர தோட்டை அவளுக்குக் கழட்டத் தெரியேல்ல. பின்பக்கத்துச் சுரை இறுகிப்போய்க் கிடந்தது. அப்ப நான்..."

எங்களுக்கு ஒரு நாளும் சொல்லாத கதை. பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்த கதை. அதை நான் முதல்முறை கேட்டது ஒரு ஹோட்டல் ஸ்பீக்கரில், சாராய வாடைக்கு நடுவில். ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்தா. பாவம், அவவைக் குற்றம் சொல்லமாட்டேன், அவவுக்கென்ன தெரியும்? கொழும்புக்காரர் மேடைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தன் வேலை பலித்துவிட்டதென்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். தம்பி கிட்டாரில் கை வைத்தபடி கல்லாகிப் போனான்.

"இது இவங்கட உம்மாவெல்லோ!" என்று என் பக்கத்தில் ஒரு குரல். வெங்காயம் வெட்டுகிற பொம்பிளை. கையில் கத்தியோடு வாசலைத் தாண்டி வெளியே போனா. மேடையைப் பார்த்து, அடித்தொண்டையில் இருந்து ஒரே கத்து.

"வெங்காய லொறியில ஏத்துவம் உன்னை!"

உடனே சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பொடியன் அதையே கத்தினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். படகுப் பக்கத்தில் இருந்து இன்னும் கொஞ்சப் பேர். சிலாபப் பொடியன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி மீன் பெட்டியில் இரண்டு கையாலும் அடி அடியென்று அடிக்கத் தொடங்கினான். கீபோர்ட் சேர்ந்தது. தம்பி தலையை நிமிர்த்தி அந்த வரியைப் பிடித்தான். "வெங்காய லொறியில ஏத்துவம் உன்னை, ஏத்துவம் உன்னை!" விட்டால்தானே? மனேஜர் கையைக் காட்டி அடக்கப் பார்த்தார், யார் கேட்டது? தோட்டக்காரர் தண்ணி வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். உம்மாவின் குரல் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், ஒரு சொல்லாவது வெளியே வரவில்லை. ஒலி ஓடி முடிகிற வரைக்கும் அந்தச் சனம் வாயை மூடவில்லை. திரையில் எழுத்து நின்ற பிறகுதான் நிறுத்தினார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளைக்காரர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பங்கு என்று நினைத்தார்களாக்கும்.

நான் நேரே அவனிடம் போனேன். அதுவரைக்கும் எனக்கு அவன் "அவர்", அதோடு அந்த மரியாதை சரி. "யாரைக் கேட்டு எங்கட உம்மாட குரலைப் போட்டீங்க?" என்றேன்.

"உங்கட உம்மாதானே சொன்னவ."

"உங்களுக்குச் சொன்னவ. ஊருக்கு ஒலிபெருக்கி வைக்கச் சொன்னவவா?"

"கோபப்படாதீங்க தங்கச்சி. உங்கட நல்லதுக்குத்தான். கழுதைப் பாட்டை வெளிநாட்டில யார் கேப்பான்? கண்ணீர் இருந்தாத்தான் போகும். எவ்வளவு அழகான இடம், எல்லாத்தையும் குழப்பிப் போட்டாங்க."

அழகான இடமாம்! கேட்டீங்களா கதையை? எங்கட நண்டுக்கறியைத் தின்றுவிட்டு, கோப்பைக்குப் பக்கத்தில் போனை வைத்து, உம்மா விட்ட கண்ணீரைக் களவெடுத்தவன் சொல்கிறான், அழகான இடம் என்று. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. தம்பி மேடையில் இருந்து இறங்கி வந்து, "அதை அழியுங்க. எனக்கு முன்னால அழியுங்க" என்று மட்டும் சொன்னான். கொழும்புக்காரன் போனை எடுத்து அழித்துக் காட்டினான். வேறெங்கும் வைத்திருக்கிறானோ இல்லையோ, படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். "அப்ப ரெக்கோர்டிங் கதையை மறந்திடுங்க" என்றான். தம்பி மேடைக்குத் திரும்பிப் போனான். கிட்டார் வயரைக் கழற்றிச் சுருட்டினான்.

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்போது நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம். ஸ்டூடியோவும் போச்சு, கொழும்பும் போச்சு. வெங்காயம் வெட்டுகிற பொம்பிளைக்கும் மனேஜரிடம் நல்ல ஏச்சு. "போங்க சேர், நீங்க வெட்டிப் பாருங்க இவ்வளவு வெங்காயம்" என்று திருப்பிக் கேட்டாவாம். அவவைப் போல ஆள் கிடைக்காது, வேலையை விட்டு எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மா ஆவலாக ஓடிவந்து, "எப்படி மகள், நல்லாப் போச்சா?" என்றா. மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, எல்லாருமாகச் சேர்ந்து அவவுக்குத் தெரியாமல் செய்தது போதும் என்று தோன்றியது. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். உம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. முகம் சிவந்து போச்சு. "நாசமாப் போவான். நல்ல பெரிய நண்டாப் பாத்து அவன்ட பீங்கானில போட்டனே!" என்றா. ஏசிக்கொண்டே இருந்தவ, சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா.

"நீ எவ்வளவு கேட்ட?"

"தோடு இறுகிக் கிடந்தது எண்டது வரைக்கும், உம்மா."

சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு, "அது காணும், அவ்வளவு போதும்" என்று சொல்லிவிட்டு எழும்பி அடுப்படிக்குப் போனா.

பாட்டைப் பிறகு புத்தளத்தில் ஒரு போன் கடையின் பின்னறையில், சுவரில் மெத்தையைச் சாத்தி வைத்துப் பதிவு செய்தோம். "கழுதைப் பட்டாளம்" என்ற பேரில்தான் வெளியே வந்தது. கடைசி வரிக்குக் குரல் கொடுக்க எத்தனை ஊரில் இருந்து வந்தார்கள் தெரியுமா, அறை கொள்ளவில்லை. டிரைவர் நானா பஸ்ஸைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஹோர்ன் அடிக்கிற சத்தம் தன்னுடையதுதான் பாட்டில் வர வேண்டும் என்று சண்டை பிடித்தார். வெளிநாட்டுக்குப் போகவில்லை. எலுவன்குளம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது, எங்களுக்கு அது பெரிய தூரம்.

தோட்டைக் கழற்றத் தெரியாத அந்தப் பிள்ளைக்கு முன்னால் உம்மா பிறகு என்ன செய்தா என்பது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. யாரோ ஒருவனுடைய போனில் அது இன்னும் கிடக்கக்கூடும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரியும். ஆனால் பெற்ற மகள் நான் அவவிடம் கேட்டதில்லை, அவவாகச் சொல்லுகிற நாள் வந்தால் கேட்பேன், வராவிட்டால் அது தெரியாமலே நான் மௌத்தாகிப் போனாலும் பரவாயில்லை.